அரைப் பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
அன்று எனக்குப் பின்னேர முறை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை இருப்பதாக
நம்பத்தான் வேண்டும், அவ்வளவு மூட்டம்.

நாலரைக்குக் கொழுந்து லொறியில் வந்தார்கள்
பதினொரு பெண்கள்,
சாக்குகளின் மேல் சாக்குகளாக.
ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்திருக்கிறது.
முகம் வீங்கி வீங்கி
ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் போலாகிவிட்டார்கள்.
ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு
இரத்தக் குழாயில் ஒட்டினேன்.

பவுனம்மா, ஐம்பத்து மூன்று.
கொட்டியது ஆறே ஆறு குளவி.
மூச்சிரைத்தது அதனால் அல்ல.
மயங்கி விழுந்த ரெஜினாவை முதுகில் போட்டுக்கொண்டு
மலை உச்சியிலிருந்து ரோட்டு வரைக்கும்
ஓடியே வந்தாளாம்.
கிளினிக் கொப்பியில் மூன்று வருஷமாக
சிவப்புப் பேனையில் எழுதியிருக்கிறது:
இதயம் பலவீனம், பாரம் தூக்கக் கூடாது.
சிங்களத்தில்.
அவளுக்கு அது சிவப்புக் கோடு.

ரெஜினாவுக்கு அட்ரினலின் போட்டார்கள்.
நேர்ஸ் குப்பியின் கழுத்தை உடைத்த சத்தம்
அவரை நெற்று வெடிப்பது போல இருந்தது.
அதே மருந்துதான்
பவுனம்மாவுக்கும் ஏறியிருந்தது,
மலையிலேயே, ஊசியில்லாமல்.
சிறுநீரகங்களின் தலையில்
தொப்பி மாதிரிக் குந்தியிருக்கும் சுரப்பி
துண்டு கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை.
அள்ளிக் கொடுத்தது.
தளர்ந்த இதயத்தை உதைத்து ஓட வைத்தது.
ஆனாலும் அது கடன்தான்.
தீபாவளி அட்வான்ஸ் மாதிரி,
பிறகு மாதாமாதம் பிடிப்பார்கள்.

நான் தேடியது இன்னொன்றை.
இதயம் ஒரு பம்ப் என்றுதான் படித்தோம்.
அது சுரக்கவும் செய்யும் என்பதைக்
கடைசி வாரத்தில், மழைச் சத்தத்துக்கு நடுவே,
அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.
சுமை மிஞ்சிச் சுவர் இழுபடும்போது
அந்தத் தசை தன்னையே பிழிந்து
இரத்தத்தில் ஒரு சேதி விடுமாம்:
உப்பை விடு, தண்ணீரை விடு,
குழாய்களே கொஞ்சம் அகன்று கொடுங்கள்,
எனக்கு ஏலாமல் வருகிறது.
சிறுநீரகம் கேட்கும்.
நாள் போகப் போகக் காது மரத்துவிடும்.
இதயம் இன்னும் உரத்துக் கத்தும்.
நாங்கள் அளப்பது
அந்தக் கத்தலைத்தான்.

ஐஸ் பெட்டியில் வைத்து
ஐந்தே கால் கண்டி பஸ்ஸில்
கண்டக்டர் விமலசேனவின் கையில் கொடுத்துவிட்டேன்.
"மீனா மிஸ்?" என்று கேட்டான்.
ஆமாம், மீன்தான் என்றேன்.

மூன்றாம் நாள் எண் வந்தது.
நூற்றுக்குள் இருக்க வேண்டியது
நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
டொக்டர் நிலக்ஷி உதட்டைக் கடித்துக்கொண்டார்.
"கூடியிருந்தா நல்லதுதானே மிஸ்?
கொழுந்துகூட கிலோ கூடினாத்தானே காசு"
என்றாள் பவுனம்மா.

என்ன சொல்வது.
சுரந்தது நல்லதுதான்.
நோயை எதிர்த்து உடம்பு கொடுத்ததைத்தான்
நோயின் கணக்கில் எழுதுகிறோம்.

அன்றைக்கு அவள் பறித்தது பதினொரு கிலோ.
பதினெட்டு வராததால்
செக்ரோலில் அரைப் பேர் விழுந்திருக்கிறது.
ஓடி வந்த நேரத்தை
எந்தக் கட்டத்தில் போடுவதென்று
கணக்கப்பிள்ளைக்குத் தெரியவில்லையாம்.
திட்டவும் வரவில்லை எனக்கு.
என் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.

அடுத்த கட்டிலில் ரெஜினா
கண் விழித்ததும் தேத்தண்ணி கேட்டாள்,
சீனி கூட்டி.
பவுனம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர்தான்.
போத்தலில் பேனையால் கோடு போட்டிருக்கிறோம்.
இரண்டாம் கோட்டில் நின்றிருந்தது தண்ணீர்.
எடுத்து நீட்டினாள்:
"இதுல ஊத்திக் குடுங்க மிஸ்,
எனக்கு இன்னைக்குத் தாகமே இல்ல."

உதடு வெடித்திருந்தது.